கத்தரிக்காய் வண்டிக்குப் புது வர்ணம்

ஆம்பூர், 1934

ஜூலை 9, திங்கள்

இன்றைக்கும் அதே கதை. கார் ஊருக்குள் நுழைந்ததும் தெரு காலி.

துத்திப்பட்டில் தலைச்சன் பிரசவம். விடிகாலையில் அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நான் போய் இறங்கினால் கூப்பிட்ட வீட்டிலேயே கதவு சாத்தியிருக்கிறது. கொல்லைப்பக்கம் யாரோ பித்தளை அண்டாவைக் கிணற்றுக்குள் இறக்குகிற சத்தம் கேட்கிறது. தெருவில் நின்றபடி, "நாந்தாங்க, மருத்துவச்சி தேவகிருபை, கதவத் தெறங்க" என்று கத்தினேன். ஜன்னலில் ஒரு கண் தெரிந்தது. "ஜம்புலிங்கம் வரலியே?" என்று கேட்டது அந்தக் கண்.

வரவில்லை. பாக்கிக்கு அண்டா, ஆடு என்று தூக்கிக்கொண்டு போகிற வட்டிக்கார ஜம்புலிங்கம் இனி எங்கேயும் வரப்போவதில்லை. முழங்கால் வாதம் கண்டு சென்னையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவருடைய பழைய போர்டு காரை நான் வாங்கியிருக்கிறேன். டிரைவர் காசியும் காரோடு கூடவே வந்துவிட்டான். இவ்வளவையும் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே பிரசவம் ஆகிவிடும்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண். கிணற்றிலிருந்து அண்டாவை எடுத்த பிறகுதான் வெந்நீர் போட முடிந்தது.

ஜூலை 10

மிஷன் பள்ளிக்கூடத்தில் என் காருக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம் - கத்தரிக்காய். பதினைந்து வருஷத்துக்கு முன் ஜம்புலிங்கம் ஆசைப்பட்டுப் பூசிய ஊதா அது. இரண்டு மைலுக்கு அப்பால் வரும்போதே தெரியும். பெயர் வைத்தது யார் என்று வாத்தியாரிடம் கேட்டேன். சிரிக்கிறார். அவரேதான். என் புருஷன் சாந்தகுமார் மூன்றாம் பாரத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். வீட்டில் அவருக்குக் கிடைக்கிற கணக்கெல்லாம் என்னைக் கிண்டல் செய்வதுதான்.

ஜூலை 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது போதகரும் கேட்டுவிட்டார். "இந்த வண்டியை ஏன்மா வாங்கினே?" சிரித்து மழுப்பிவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் தை மாதம் அமிர்தவள்ளிக்கு வலி கண்டபோது மாட்டு வண்டியில்தான் போனேன். அவள் பிறந்த வீடு எங்கள் தெரு. கட்டிக்கொடுத்த ஊர் விரிஞ்சிபுரத்துப் பக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முதல் பிள்ளையும் அப்படித்தான் போயிற்று. அவளுக்கு இடுப்பெலும்பு குறுகல். நேரத்தோடு வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் இரண்டுமே பிழைத்திருக்கும். அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் புருஷன் வேலுவிடம் கொடுத்தது என் கைதான். திரும்பி வருகிற வழியில் மோட்டார் வாங்குவது என்று முடிவு செய்தேன். சேர்த்து வைத்ததெல்லாம் அதில் போயிற்று. போகட்டும்.

இப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். மத்தியானம் பார்க்கப் போனேன். மாமியார் பச்சையம்மாள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"என் செனைப் பசுவ இந்த வண்டி பின்னாடி கட்டித்தான் இட்டுகினு போனான், டாக்டரம்மா. ஊரே பாத்துச்சு. இது என் வாசல்ல நிக்கக்கூடாது. என் மருமவ இதுல ஏற மாட்டா. ஏறுனா புள்ள தங்காது."

"நான் டாக்டர் இல்லீங்க. வண்டியும் இப்ப அவருது இல்ல."

"யாருதா இருந்தா எனக்கு இன்னா? வண்டி அதானே."

கெட்ட மனுஷி இல்லை. நின்ற இடத்துக்கே எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், காசிக்கும் கொடுத்தாள். காருக்குத்தான் மன்னிப்பு இல்லை.

அமிர்தவள்ளி உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐப்பசியில் மாதம் நிறைகிறது. அதற்குள் இந்தக் கார் வேறு காராகிவிட வேண்டும். எப்படி? தெரியவில்லை. ஆக வேண்டும்.

ஜூலை 21, சனி

ராணிப்பேட்டையிலிருந்து ஏசுராஜ் வந்தார். ஜட்காவுக்கும் கோச்சு வண்டிக்கும் வர்ணம் பூசுகிறவர். காரைச் சுற்றி மூன்று முறை நடந்தார், அங்கங்கே விரலால் தட்டினார், உச்சுக் கொட்டினார். பிழைக்காத நோயாளியை நாங்கள் பார்க்கிற பார்வை அது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"தொண்ணூறு ரூபா ஆவும்மா."

"காரே எரநூத்தி எழுபத்தஞ்சுதான்."

"காரு வேற, வர்ணம் வேற. கார ஒரு நாள்ல வாங்கிடலாம்."

பழையதைச் சுரண்ட வேண்டுமாம், பள்ளத்துக்கு மக்கு வைத்துத் தேய்க்க வேண்டுமாம், மேலே நாலு பூச்சாம். ஒவ்வொரு பூச்சுக்கும் காற்றுத் தூசி படாமல் காயப்போட வேண்டுமாம். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். தொண்ணூறு ரூபாய்க்கு நான் எத்தனை பிரசவம் பார்க்க வேண்டும்? அதிலும் பாதிப்பேர் வாழைப்பழமும் வெற்றிலையும்தான் வைக்கிறார்கள். வாத்தியார், "வாழைப்பழத்தைக் கொடுத்தா பூச மாட்டாரா, கேட்டுப் பார்த்தியா?" என்கிறார்.

ஜூலை 29, ஞாயிறு

மக்பூல் பாய் இருக்க நான் ஏன் ராணிப்பேட்டை வரைக்கும் போனேன்?

மக்பூல் அகமது அடுத்த தெருவில் இருக்கிறார். தோல் பதனிடுகிற ஷாப்பில் மெருகு மேஸ்திரி. அவர் மனைவி பில்கிஸுக்கு இரண்டு பிரசவமும் நான்தான் பார்த்தேன். ஏசுராஜ் சொன்ன தொகையைக் கேட்டதும் மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது.

"தொண்ணூறா? தோலுக்கு நிக்குற மெருகு தகரத்துக்கு நிக்காதா, நர்ஸம்மா? நான் போட்டுத் தர்றேன். பைசா வேணாம். முட்டை மட்டும் வாங்கிடுங்க."

"முட்டையா?"

"முட்டை வெள்ளை, பாலு, அரக்கு, சாயம். சீமைக்குப் போற தோலெல்லாம் இதுலதான் பளபளக்குது."

சீமைக்காரர்கள் காலில் போட்டுக்கொள்கிறார்கள் என்றால் எனக்கு என்ன? சரி என்றேன். வாத்தியார் கேட்கிறார், "காருக்கு வர்ணமா, ஆம்லெட்டா?"

ஆகஸ்ட் 6, திங்கள்

முடிந்துவிட்டது. என் கண்ணே பட்டுவிடும்.

மக்பூல் பாய் வேலை முடிந்து சாயங்காலம் சாயங்காலம் வந்து பூசினார். கடைசியில் கண்ணாடி உருளையைக் கொண்டுவந்து, தோலைத் தேய்க்கிற மாதிரியே காரையும் தேய்த்தார். புதுச் சப்பாத்து நிறம். குனிந்தால் முகம் தெரிகிறது. எத்தனை டஜன் முட்டை என்று எழுதமாட்டேன். மிஞ்சிய மஞ்சள் கருவை வைத்துக்கொண்டு பில்கிஸ் அல்வா கிண்டினாள். இரண்டு தெருவும் தின்றது. தின்றவர்கள் எல்லாம் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைத்தெருவைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொன்னேன். வேலையும் இல்லை, பிரசவமும் இல்லை. காசி கேட்டான், "எங்கம்மா போவணும்?" எங்கேயும் இல்லை, ஓட்டு என்றேன். ஒரு சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

ஆகஸ்ட் 11

பள்ளிகொண்டாவில் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தால், கன்றுக்குட்டி ஒன்று நின்று காரை நக்கிக்கொண்டிருக்கிறது. கதவில் நாக்கு அகலத்துக்கு ஊதா எட்டிப் பார்க்கிறது. காசி அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறான். "பாவம், கன்னுக்குட்டிம்மா" என்கிறான். பாலும் முட்டையும் பூசினால் வேறென்ன ஆகும்? போன வாரத்திலிருந்து பூனைகள் பானட்டை விட்டு இறங்காததற்கும் காரணம் இப்போது விளங்கிவிட்டது.

ஆகஸ்ட் 12

மக்பூல் பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவார். காரை ராத்திரியில் பழைய போர்வை போட்டு மூடுகிறேன்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

இன்றைக்கு அமிர்தவள்ளியின் ஊருக்குப் போனோம். சப்பாத்து நிறக் காரில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு போனேன். ஊர் எல்லை வந்தது - கதவெல்லாம் படபடவென்று சாத்திக்கொண்டது. ஒரு கிழவர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்துபோனேன்.

அமிர்தவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அக்கா, நெறத்த மாத்துனா போதுமா? அந்த ஆளு மூணு தபா அடிக்கிறானே."

"எந்த ஆளு? என்னத்த அடிக்கிறான்?"

விஷயம் இதுதான். ஊர் எல்லையில் மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும் என்பது ஜம்புலிங்கத்தின் உத்தரவு. சத்தம் கேட்டதும் கடன்காரர்கள் பணத்தோடு வாசலில் நிற்க வேண்டும், அவருக்குக் கீழே இறங்குகிற வேலை இருக்கக்கூடாது. காசி இத்தனை வருஷம் அடித்து அடித்து, இப்போதும் அடிக்கிறான். கேட்டால், "நானா? அடிக்கலியேம்மா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். பொய் இல்லை, அவனுக்கே தெரியவில்லை. திரும்பும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு ஊர் வந்தது, கை தானாக எழுந்து ரப்பர் குமிழைப் பிடித்தது. பாங் பாங் பாங். குடைக் காம்பால் ஒன்று வைத்தேன். திடுக்கிட்டுப் பார்த்தான்.

"இப்பத்தான் அடிச்சே."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். பாவமாக இருந்தது. வீடு வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 20

ரப்பர் குமிழைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து பழைய கைமணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். இனிமேல் மணி அடிப்பது நான். "பசங்க எல்லாம் புத்தகத்தோட வந்து நிக்கப்போறாங்க, பாரு" என்றார்.

செப்டம்பர் 14, வெள்ளி

மழை. நல்ல மழை. ஊருக்கெல்லாம் சந்தோஷம். எனக்கு?

வாணியம்பாடியிலிருந்து வருகிற வழியில் பிடித்துக்கொண்டது. சப்பாத்து நிறம் கோடு கோடாக வழிந்தது. என் வெள்ளைப் புடவை தோல் ஷாப்புக் கடுக்காய்த் தொட்டியில் முக்கின மாதிரி ஆகிவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தும்போது முழுக் கத்தரிக்காயும் வெளியே வந்துவிட்டது, அங்கங்கே தவிட்டுத் தேமலோடு. முன்னைவிட மோசம்.

மக்பூல் பாய் மழையிலேயே ஓடிவந்தார். கதவைத் தொட்டுப் பார்த்தார், விரலை முகர்ந்து பார்த்தார். "தோலு குடிச்சிக்கும், நர்ஸம்மா. தகரம் குடிக்கல." அவர் முகத்தைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். பிறகு அவரும் சிரித்தார். அவர் போன பிறகு உள்ளே வந்து அழுதேன். ஐப்பசி வந்துவிடும். அந்தப் பொண்ண நான் எதுல ஏத்திகினு போறது? மாட்டு வண்டியிலயா, மறுபடியுமா? முடியாது. என்னால முடியாது.

செப்டம்பர் 22, சனி

ஏசுராஜுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். இந்த முறை ஒரே சுற்றுத்தான்.

"இன்னாம்மா பூசினீங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டையைச் சுரண்டுவது தனி வேலையாம், வர்ணமாவது உதிருமாம், முட்டை உதிராதாம். நூற்றைந்து ரூபாய். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும். "ஒரு மொதலாளி கோச்சுக்கு வாங்கின பச்ச மிச்சம் இருக்குது, கிளிப்பச்ச. அதுன்னா எழுவது ரூபாய்க்கு முடிச்சுடலாம். அதுக்குக் கம்மி முடியாதும்மா. கேக்காதீங்க."

கிளிப்பச்சை.

செப்டம்பர் 24, திங்கள்

சாயங்காலம் வாத்தியார் நடந்து வந்தார். மேஜைமேல் நாற்பது ரூபாயை வைத்தார்.

"சைக்கிள் எங்கே?"

"கார் இருக்கிற வீட்டுல சைக்கிள் எதுக்கு? காலையில என்னைப் பள்ளிக்கூடத்துல இறக்கி விட்டுடு."

கல்யாணத்துக்கு முன்பே வாங்கின சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார், என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஏதாவது சொன்னால் அழுகை வரும், அதற்கும் ஒரு கிண்டல் வரும். இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தேன். தட்டைப் பார்த்து, "காருக்கு மிஞ்சினதா?" என்றார்.

எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். இந்த நோட்டை அவர் தொடமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அக்டோபர் 4, வியாழன்

வேலை ஆரம்பம். மக்பூல் பாய் தோல் ஷாப்பில் கேட்டு ஒரு கிடங்கை வாங்கிக் கொடுத்தார். கதவை மூடினால் தூசி வராது. நாற்றம் மட்டும் வெளியே போகாது. ஏசுராஜ் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு முட்டையைச் சுரண்டுகிறார். சுரண்டுகிற சத்தத்துக்கு மேலே அவர் மக்பூல் பாயைத் திட்டுகிற சத்தம். மக்பூல் பாய் தினமும் டீ வாங்கிக்கொண்டு போய் அதைக் கேட்டுவிட்டு வருகிறார். இரண்டு பேரும் தோஸ்த் ஆகிவிட்டார்கள் என்று காசி சொல்கிறான்.

அக்டோபர் 16, செவ்வாய்

ரயிலில் போய் அமிர்தவள்ளியைப் பார்த்தேன். காலில் நீர் வைத்திருக்கிறது. குழந்தை துடிப்பாக இருக்கிறது, என் கையையே உதைத்தது. நாள் தள்ளாது, முந்தித்தான் வரும். பச்சையம்மாளிடம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். "வண்டி கட்டிகினு போவோம், மாடு கீது" என்கிறாள். மாட்டு வண்டி ஆடுகிற ஆட்டம் என்ன, அமிர்தவள்ளியின் உடம்பு என்ன. புரியவைக்க முடியவில்லை.

ஆம்பூர் திரும்பியதும் நேரே கிடங்குக்குப் போனேன். மழை ஈரத்தில் இரண்டாவது பூச்சே இன்னும் காயவில்லை.

"சீக்கிரம் முடிங்க, ஏசுராஜ்."

"வர்ணத்த வெரட்ட முடியாதும்மா. உங்களுக்குத் தெரியாததா? பிரசவத்த வெரட்டுவீங்களா?"

வீட்டுக்கு நடந்தேன்.

அக்டோபர் 25, வியாழன்

கடைசிப் பூச்சு. கதவைத் திறந்து விளக்கைக் காட்டினார் ஏசுராஜ். கிளியே வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பச்சை. பக்கத்தில் போகவிடவில்லை. "நாலு நாளைக்கு ஒரு ஈ கூடக் குந்தக் கூடாது." நானும் மக்பூல் பாயும் வாசற்படியில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 28, ஞாயிறு, வேலூர்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றைய கதை.

காலை ரயிலில் வேலு வந்து இறங்கினான். ராத்திரியே வலி கண்டுவிட்டதாம். "அம்மா வண்டி கட்டச் சொல்லுது. நான் கேக்கல. ரயிலேறி வந்துட்டேன்" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. நேரே கிடங்குக்கு ஓடினோம். ஏசுராஜ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதவை மறித்தார்.

"இன்னும் ஈரம்மா. வெளிய எடுத்தா எல்லாம் போச்சு. எழுவது ரூபாயும் போச்சு."

"போகட்டும். தள்ளுங்க."

வேலுவின் முகத்தைப் பார்த்தார், தள்ளிக்கொண்டார். பிறகு அவரே படிக்கட்டுப் பலகையில் ஏறி நின்றார். "வர்ணத்துக்கு நாந்தாங்க பொறுப்பு. யாரும் தொடாம பாத்துக்கணும்." விரிஞ்சிபுரம் வரைக்கும் அப்படியே தொங்கிக்கொண்டு வந்தார். ரோட்டுத் தூசியும் பூச்சியும் பச்சையில் ஒட்ட ஒட்ட, அவர் வாயிலிருந்து வந்த சத்தம் பிரசவ வலிக்குக் குறைந்ததில்லை.

ஊர் எல்லையில் மணி அடித்தேன். ஒரு கதவும் சாத்தவில்லை. வெளியே வந்து பார்த்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. பச்சையம்மாள் வாசலில் நின்றிருந்தாள். காரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு காசியைப் பார்த்தாள்.

"இவன் அவன்கிட்ட இருந்தவன்தானே." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, இது அந்த வண்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை செலவும் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே? பிரசவ வீட்டில் நான் சொல்லாத பொய்யா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த மனுஷியின் கண்ணைப் பார்த்தேன், வரவில்லை. உள்ளே அமிர்தவள்ளி முனகுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"ஆமாங்க, அதே வண்டிதான். மேல பச்சை பூசியிருக்கேன். உங்க வீட்டுல இருந்து எடுத்துகினு போன வண்டிதான். இன்னிக்கு உங்க வீட்டுக்கு ஒரு புள்ளையக் கொண்டாந்து விடணும்னு வந்திருக்குது. விடுவீங்களா, மாட்டீங்களா?"

பச்சையம்மாள் திரும்பி உள்ளே போனாள். போயிற்று, கதவைச் சாத்தப்போகிறாள் என்று நினைத்தேன். வேலு என் கையைப் பிடித்துக்கொண்டான். மருமகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பச்சையம்மாள் வெளியே வந்தாள்.

"நானும் வருவேன். முன்னாடி குந்திப்பேன். எங்க இட்டுகினு போறான்னு நான் பாக்கணும்."

காசிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "நான் கூலிக்காரந்தான், ஆயா" என்றான் காசி. "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். நான் பின்னால் அமிர்தவள்ளியின் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மணியை யார் அடிப்பது? பச்சையம்மாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அப்புறம் வேலூர் வரைக்கும் அந்த மணி ஓயவில்லை. மாடு வந்தாலும் அடித்தாள், மரம் வந்தாலும் அடித்தாள். ஜட்காக்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பலகையில் தொங்கிக்கொண்டிருந்த ஏசுராஜ், "ஆயா, கதவுல சாயாத, ஈரம், ஈரம்" என்று கெஞ்சினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த வலியிலும் அமிர்தவள்ளி சிரித்தாள். நான் பார்த்தேன், சிரித்தாள்.

சாயங்காலம் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பெண். அழுதது. நன்றாக அழுதது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாயும் சுகம்.

வெளியே வந்தேன். "உசுரு கீதா?" என்றாள் பச்சையம்மாள். காதைக் கொடுத்துக் கேளுங்க என்றேன். கேட்டாள். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்த மணி உருண்டு தாழ்வாரம் முழுவதும் ஒலித்தது. வார்டு நர்ஸ் ஓடிவந்து எங்கள் எல்லாரையும் திட்டினாள். திட்டு வாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 30

வாத்தியார் ரயிலில் வந்து காரைப் பார்த்தார். பச்சை முழுவதும் மணல். தடவினால் உப்புக் காகிதம். முன் கதவில் பச்சையம்மாளின் புடவை நூல் நூலாகப் பதிந்திருக்கிறது. "என் சைக்கிளை எங்கே பூசியிருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். குழந்தையையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கிண்டல் எதுவும் வரவில்லை.

நவம்பர் 9, வெள்ளி

தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கார் பச்சையம்மாளின் வாசலிலேயே நின்றது, அவளே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். ஊரே கூடியிருந்தது. ஆரத்தி எடுத்தாள். விளக்குக் கரியைக் குழைத்துக் குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். விரலில் மிச்சமிருந்த கரியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், நடந்துபோய் பானட்டில் ஒரு பொட்டு வைத்தாள். எட்டணா அகலம். கிளிப்பச்சையில் கன்னங்கரேலென்று.

நேற்று வரைக்கும் விரல் வைத்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தவள் நான். காசி துணியை எடுத்தான். "தொடச்சிடட்டுமாம்மா?"

"சும்மா இரு" என்றேன்.

நவம்பர் 12

ஏசுராஜ் வந்தார். இருபது ரூபாய் கொடுத்தால் மணலைத் தேய்த்து எடுத்து, மேலே ஒரு பூச்சு புதிதாகக் கொடுத்துவிடுவாராம். வேண்டாம் என்றேன். பொட்டைப் பார்த்துவிட்டு, "பொட்டாவது அழியும்" என்றார் வருத்தத்தோடு.

நவம்பர் 23, வெள்ளி

இந்த வாரம் நாலு ஊர். மணிச் சத்தம் கேட்டதும் வெந்நீர் போட்டுவிடுகிறார்கள். அண்டாவெல்லாம் அடுப்பில் இருக்கிறது.

நேற்று ராத்திரி பெய்த மழையில் பொட்டுக் கரைந்து போய்விட்டது. காலையில் காரைச் சுற்றி வந்தேன். அந்த இடம் மொட்டையாக இருந்தது. நான் போதகர் வீட்டுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவள், திருஷ்டி கிருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உள்ளே போய் விளக்குக் கரியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து எடுத்துவந்து, அதே இடத்தில் வைத்தேன்.

நிமிர்ந்தால் வாத்தியார் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறார், காரில் ஏறுவதற்கு. என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வை, கிருபை" என்றார். "மழைக்காலம்."